முதலில் பார்க்க வேண்டியவள்

பெயிண்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கிறவளுக்கு வசந்த காலம் என்றால் என்ன தெரியுமா? ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தங்கள் சுவர் அழுக்காக இருப்பது ஒரே நேரத்தில் கண்ணில் படுகிற காலம். குளிர் முழுக்கச் சன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தவர்கள், வெயில் அடித்ததும் திறக்கிறார்கள், சுவரைப் பார்க்கிறார்கள், நேரே கடைக்கு ஓடி வருகிறார்கள். வந்தவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போவார்களா? ஷேட் கார்டை விரித்துவைத்து, இந்தக் கிரீமா அந்தக் கிரீமா என்று குடும்பத்தோடு சண்டை போடுவார்கள். ஒருவழியாக ஒன்றைச் சொல்லி, அவளும் டப்பாவை மெஷினுக்கு அடியில் வைத்து, சொட்டுச் சொட்டாகச் சாயம் இறக்கி, குலுக்கி, மூடியைத் திறந்து காட்டினால், கொஞ்சம் டல்லாக இருக்கிறதே என்று உதட்டைப் பிதுக்குவார்கள். கலந்த நிறத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை வறண்டுபோனது.

கடைக்கு வருகிறவர்கள் அவளை 'பெயிண்ட் அக்கா' என்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கூச்சமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கும் அவளுக்குக் கோபம் வரும். கோபம் அவளுக்குச் சீக்கிரம் வரும் என்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் காரணம் இல்லாமல் ஒருநாளும் வந்ததில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பொழுதுபோக்கு. அதுவும் யாருக்கும் தொந்தரவு இல்லாதது. வீட்டுப் பின்பக்கச் சுவரில் ஒரு கொடி ரோஜா படர்ந்திருந்தது. வெளிர் மஞ்சள் பூ, வருஷத்துக்கு ஒரே தடவை, வசந்தத்தில் மட்டும் பூக்கும். கடைக்கு எதிரே வங்கி வாசலில் வேறொரு ரோஜா, கருஞ்சிவப்பு. அந்தச் சிவப்பின் மகரந்தத்தை எடுத்து இந்த மஞ்சளில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு விடவில்லை. வங்கிக் காவலாளியிடம் பேச்சுக் கொடுத்து ஒரு பூவை வாங்கினாள். கடையிலிருந்து மிகச் சிறிய பிரஷ் ஒன்றை வாங்கிவந்தாள். மஞ்சள் மொட்டு விரிவதற்குள் அதன் மகரந்தக் காம்புகளைக் கிள்ளிவிட்டு, சிவப்பின் பொடியைத் தடவி, மெல்லிய துணியால் மூடிக் கட்டினாள். காய் பிடித்தது. பழுத்தது. விதையை எடுத்து ஈரத்துணியில் சுற்றிக் குளிர்காலம் முழுக்க ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அத்தனை விதையில் முளைத்தது ஒன்றே ஒன்று.

விதையிலிருந்து வருகிற ரோஜா தாயைப் போலவும் இருக்காது, தகப்பனைப் போலவும் இருக்காது. என்ன நிறம் என்று பூத்த பிறகுதான் தெரியும். அதுவரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாளெல்லாம் மற்றவர்கள் கார்டில் விரல் வைத்துக் காட்டிய நிறத்தைக் கலந்துகொடுக்கிறவளுக்கு, எந்தக் கார்டிலும் இல்லாத ஒரு நிறம் தன் வீட்டுப் பின்படியில் தொட்டிக்குள் வளர்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்! காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் டீயை எடுத்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்துவிடுவாள். செடி சும்மாதான் நிற்கும். அவளும் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்தச் சுகம் அவளுக்குப் போதும்.

முதல் வசந்தத்தில் இலைதான் வந்தது. இரண்டாவதிலும் இலைதான். மூன்றாவது வசந்தத்தில், ஒருநாள் டீ ஆறிப்போகிற அளவுக்கு உற்றுப் பார்த்தபோது, நுனிகளில் மொட்டுகள் தெரிந்தன. அன்று கடையில் கிரீம் கலரை மூன்று தடவை மாற்றிக் கேட்ட ஒருவரிடம்கூட அவள் சிரித்தபடி பேசினாள். முதலாளிக்கே சந்தேகம் வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அன்று சாப்பிடும்போது வீட்டில் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் என்றால் கணவர், கல்லூரியில் படிக்கிற மகள், அவ்வளவுதான். அந்தச் செடியில் யாரும் கை வைக்கக் கூடாது, பூ விரிகிறபோது முதலில் தான் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். அம்மா பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி பேசுகிறாள் என்று மகள் கிண்டலடித்தாள், ஆனால் புரிந்துகொண்டாள். கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சரி சரி என்றார்.

அந்தச் சரி சரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சலூன் வைத்திருக்கிறார், பெயிண்ட் கடைக்கு அடுத்த தெருவில். நல்ல மனுஷன். கை சுத்தம், தொழில் சுத்தம். ஆனால் வாய் ஓயாது. நாற்காலியில் உட்கார்கிற ஒவ்வொரு தலையிடமும் ஊர்க்கதை முழுவதையும் கேட்டு, ஊர்க்கதை முழுவதையும் சொல்லிவிட்டு வருவதால், வீட்டுக்குள் நுழையும்போது காதை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவார். மனைவி சொல்வது ஒன்றும் உள்ளே போகாது. இன்னொன்று, எதுவும் கலைந்து நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்குக் கை பரபரக்கும். மேசை விரிப்பில் நூல் தொங்கினால் கத்தரிப்பார். வெட்டினால்தான் எதுவும் அடர்த்தியாக வளரும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. தலைமுடிக்கே அது பொய் என்று மகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். யார் கேட்டது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா டீ குடிக்க வருவதாக இருந்தது. வெயில் நன்றாக இருக்கிறது, பின்படியில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று அவர் முடிவு செய்தார். வசந்தத்தில் பெயிண்ட் கடைக்கு ஞாயிறும் கிடையாது, அதனால் அவள் கடையில் இருந்தாள். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் படியைக் கூட்டினார், கழுவினார், நாற்காலியைத் துடைத்தார். பிறகு செடியைப் பார்த்தார். நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு, முள்ளோடு, அக்கா வருகிற வழியில். சலூன் கத்தரியை எடுத்தார்.

சாயங்காலம் அவள் திரும்பிவந்து கைகூட அலம்பாமல் பின்பக்கம் போனாள். செடிக்கு முடி வெட்டப்பட்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வது? பக்கவாட்டில் ஒட்டக் குறைத்து, மேலே பந்து மாதிரி உருட்டி, கழுத்துப் பக்கம் சுத்தமாக வழித்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பையன் மாதிரி நின்றது. நுனி என்று ஒன்றில்லை. நுனியில்தானே மொட்டு?

கணவரும் நாத்தனாரும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து, பெருமையாக, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"மொட்டு எங்க?" என்றாள் அவள்.

"எந்த மொட்டு?"

அந்தக் கேள்விதான் அவளை எரித்தது. வெட்டியதைக்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ. தான் சொன்ன ஒரு வார்த்தைகூட அந்த மனுஷன் மண்டைக்குள் போகவில்லை என்பது அவளுக்கு அந்த இரண்டு சொல்லில் தெரிந்துபோனது. மூன்று வருஷத்தை வாரித் தெருவில் கொட்டிவிட்டீர்களே என்று கத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஆடுகிற அவருடைய கேரம் போர்டில் இந்த வீட்டில் யாராவது ஒரு டம்ளராவது வைத்ததுண்டா, அதை நான் கோடரியால் பிளந்து போட்டால் சும்மா இருப்பீர்களா என்று கேட்டாள். அவர் திகைத்து நின்றார். வெட்டினால் நல்லா அடர்த்தியாக வரும் என்று முணுமுணுத்தார். நாத்தனார் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "செடிதானே, திரும்ப முளைக்கும். இதுக்குப் போயா இந்தக் கூச்சல்?" என்றார். அவள் நாத்தனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு குடும்பமும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்காது.

குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். வாடிப்போன சின்ன மொட்டுகள் கிடைத்தன. ஒன்றை நகத்தால் கீறிப் பிரித்தாள். உள்ளே இதழ்கள் மடிந்து மடிந்து இருந்தன, எல்லாம் வெளுத்த பச்சையாக. நிறம் ஏறுவதற்கு முன்னாலேயே வெட்டியாகிவிட்டது. இனி அடுத்த வருஷம்தான். படியில் உட்கார்ந்து அழுதாள். அது சோகம் இல்லை, ஆத்திரம்.

அதன் பிறகு அவள் கணவரோடு பேசவில்லை. மகள் இரண்டு பேருக்கும் நடுவில் உப்பையும் செய்தியையும் கடத்திக்கொண்டிருந்தாள். அவரும் ஏனோ வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போடாமல், சாப்பிட்ட கையோடு சலூனுக்குக் கிளம்பிப் போனார். குற்ற உணர்ச்சி என்று மகள் நினைத்தாள். பாதிதான் சரி.

அந்த வாரத்திலேயே ஒருநாள், கடையில் கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்து நின்றார். சலூனில் தினமும் பேப்பர் படிக்க உட்காருகிறவர். கையில் மடித்த பேப்பர்த் துண்டு ஒன்றைப் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தார். ஷேட் கார்டு வேண்டாம் என்றார்.

"உங்க வீட்டுக்காரர் கண்ணாடி முன்னாடி ஒரு பூ வெச்சிருக்காரும்மா. இன்னைக்குக் காலையிலதான் விரிஞ்சுது. எனக்கு முன்ரூம்ல ஒரு சுவர் மட்டும் அந்த நிறத்துல வேணும். நீங்க மேட்ச் பண்ணிக் குடுப்பீங்கன்னு அவரே ஒரு இதழைக் கிள்ளிக் குடுத்தாரு" என்று சொல்லிக்கொண்டே பேப்பரைப் பிரிக்கப் போனார்.

"பிரிக்காதீங்க."

அவள் சொன்ன விதத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தபால்காரரின் கையிலிருந்து அந்தப் பொட்டலத்தை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மெஷினில் ஒரு டப்பா பாதி நிறத்தில் நின்றது. முதலாளி கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை. தெருவில் யாரோ ஏணி வைத்து, அவள் போன வாரம் கலந்துகொடுத்த பச்சையை வாசல் கதவுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சைக்கிளில் வட்டமடித்தார்கள். வெயில் இதமாக இருந்தது. அந்த இதமும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சலூன் முழுக்கக் கண்ணாடி. எங்கே பார்த்தாலும் பூ தெரிந்துவிடும். அதனால் வாசலிலேயே தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"அதை மூடுங்க" என்றாள்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றது. எதை என்று அவர் கேட்கவில்லை. துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. மூடிவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் உள்ளே போனாள். சீப்புகளுக்குப் பக்கத்தில், துண்டு போர்த்திய ஒரு கண்ணாடி டம்ளர். நாற்காலியில் பாதி முகத்துக்குச் சோப்பு நுரையோடு ஒருவர். பெஞ்சில் இரண்டு பேர்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெட்டியதில் பருமனான மொட்டுகளாகப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று ஞாயிறன்றே சர்க்கரைத் தண்ணீரில் வைத்தாராம். மொட்டு எங்க என்று அவள் கேட்டபோது இதைத்தான் கேட்கிறாள் என்று அவருக்கு உறைக்கவில்லையாம், பிறகு அவள் போட்ட சண்டையில் சொல்லப் பயந்து கடைக்குக் கொண்டுவந்துவிட்டாராம். ஒன்றுதான் விரிந்ததாம். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துவந்து அவள் கையில் கொடுத்து அசத்தலாம் என்று இருந்தாராம்.

"அதுக்குள்ள எத்தனை பேருக்குக் காட்டினீங்க?"

அவர் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். நுரைக்குள்ளிருந்து நாற்காலிக்காரர் சமாதானமாக, "நல்ல பூம்மா, அப்படியே அந்த..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்ததில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் கணவர், குரலை இறக்கி. "இதழ் உன் கையிலயே இருக்கு. ஒரு தடவை பாரேன்."

பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதை மறைப்பானேன்? மூடிய கைக்குள் பேப்பர் வியர்வையில் நனைந்து, இதழின் மெல்லிய மடிப்பு விரலில் தட்டுப்பட்டது. திறந்தால் போதும், மூன்று வருஷத்துக்கு விடை. ஆனால் இந்த நாற்காலிக்காரர் பார்த்தாயிற்று, பெஞ்சில் இருப்பவர்கள் பார்த்தாயிற்று, தபால்காரர் சுவருக்கே அடிக்கத் தயாராகிவிட்டார். எல்லோரும் பார்த்து முடித்ததை, முதலில் பார்க்க வேண்டியவள் கடைசியில் பார்ப்பதா?

"ஊரே பார்த்துட்டு மிச்சம் வெச்சதை நான் எதுக்குப் பார்க்கணும்?" என்றாள். "அடுத்த வசந்தத்துல செடியிலயே பூக்கும். அப்ப நான் பார்த்துக்கறேன். அதுவரைக்கும் அது என்ன நிறம்னு உங்க வாயில வரக் கூடாது. என்கிட்டயும் வரக் கூடாது, நம்ம பொண்ணுகிட்டயும் வரக் கூடாது, தூக்கத்துலகூட வரக் கூடாது. இவங்க வாயை மூடறதும் உங்க பொறுப்பு."

"ஒரு வருஷமா?" என்றார் அவர். அந்த மனுஷனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

"மூணு வருஷம் நான் காத்திருந்தேன். ஒரு வருஷம் நீங்க வாயை மூடிக்கிட்டிருங்க."

கையைத் திறந்தாள். பொட்டலம் பிரியாமலே தரையில், அன்றைய முடிக் குவியலுக்கு நடுவில் விழுந்தது.

"கூட்டுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், துண்டு மூடிய டம்ளரைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு துடைப்பத்தை எடுத்துக் கூட்டினார். அவர் பேசாமல் கூட்டுவதை அந்தக் கடையில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.