சாவி கேட்டு நீட்டிய கை

நீங்கள் பொய் சொன்னீர்கள். வாட்ஸ்அப்பில் சொல்லிக் கூட்டிய தெருக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் மகன் ஆபத்தானவன் என்றீர்கள்.

குவார்ட்டர்ஸில் பல வருடம் நாம் அடுத்தடுத்த வீடு. உங்களுக்கு மைன்ஸில் ஷிப்ட். உங்கள் மனைவிக்கும் வேலை. பிள்ளைகள் டியூஷன் முடிந்து எப்போது வருவார்கள் என்று தெரியாது. நம் பிளாக்கில் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டிலேயே இருக்கிறவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். எப்போதும் வீட்டில் இருந்தவன் என் மகன். மீசை முளைத்த பிறகும் சட்டைக்குப் பொத்தான் போட வராது. ஆனால் உங்கள் சாவியை உங்கள் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் கொடுக்க மாட்டான். "நம்ம வூட்டுக்கு நீதாண்டா வாட்ச்மேன்" என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

நான் ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவன் அம்மா இல்லை. நானும் போய்விட்டால் அவனுக்குச் சோறு போட யார்? அந்தப் பயத்தில்தான், இவனைப் போல மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகள் உள்ள நாலு குடும்பம் சேர்ந்து டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். அவர்கள் ஒன்றாக இருக்க, கூடவே இருந்து கவனிக்க ஆள் வைக்க. நீங்கள் சொந்த வீடு கட்டிப் போன தெரு என்பதால்தான் அந்தத் தெருவையே நான் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒரு அம்மா, "வயசுப் பொண்ணுங்க இருக்கிற தெருங்க" என்றார். "இதுங்க மூஞ்சியப் பாத்துக்கினு எப்பிடிங்க சோறு திங்கிறது? எங்கனா ஆசிரமத்துல வுடுங்க" என்றார் இன்னொருவர். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் எழுந்தீர்கள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. பக்கத்துலயே இருந்தவன் சொல்றேன், அவன் ஆபத்தான ஆளு. எந்த நேரத்துல என்ன செய்வான்னு சொல்ல முடியாது."

கூட்டம் கலைந்தபோது, என்னோடு வந்திருந்த அவன் நேராக உங்களிடம் வந்து உள்ளங்கையை நீட்டினான். "பிச்சை கேக்குது பாரு" என்று யாரோ சிரித்தார்கள். அவன் கேட்டது சாவி. அது உங்களுக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். வீடு வரும்வரை அவன் கையை மடக்கவில்லை.

"தெரு ஒத்துக்கினா தரேங்க" என்கிறார் வீட்டுக்காரர். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். அதிலும் முடியாது என்றால் என்னிடம் வேறு வழி இல்லை.

வாருங்கள். அதே ஆட்கள் முன்னால் எழுந்து நில்லுங்கள். என் மகன் ஆபத்தானவன் என்றால், உங்கள் பிள்ளைகள் தனியாக வந்து சேரும் வீட்டின் சாவியை ஏன் அவன் கையில் கொடுத்தீர்கள்? எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.