மடிப்புக் கலையாத படம்

லிங்கப்பன் மைசூரில் பட்டுப்புடவை விற்றவர். பதினெட்டு வயதில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூரிலிருந்து வந்து, ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பொட்டலம் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். நாற்பதை எட்டும்போது முகூர்த்தப் பட்டுப் பிரிவுக்கே அவர்தான் எல்லாம். பெண் வீட்டார் கடைப்படி ஏறும்போதே இவர்களுக்கு எந்தக் கரை பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். தமிழில் பேசினால் தமிழ், கன்னடத்தில் பேசினால் கன்னடம், இரண்டும் கலந்து பேசினால் அதிலும் அவரை வெல்ல ஆள் கிடையாது.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. கல்யாணக் கோஷ்டி வந்து பாயில் உட்காரும்வரை நல்ல புடவையைப் பிரிக்கக் கூடாது. சும்மா பார்க்க வந்தவர்களுக்குப் பிரித்துக் காட்டி நாலு கை பட்டுவிட்டால் மடிப்புக் கலைந்துவிடும். எத்தனை பதமாகத் திருப்பி மடித்தாலும் அடுத்து வருகிறவள் கண்டுபிடித்துவிடுவாள். “இது யாரோ பாத்துட்டு வேண்டாம்னு வெச்சதுதானே?” என்பாள். பிறகு அந்தப் புடவை, நம் ஆடித் தள்ளுபடி மாதிரி அங்கே போடும் ஆஷாடத் தள்ளுபடிக்குத்தான் போகும். புடவைக்கு இது சரியான விதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மனுஷர் இதைக் கொண்டுபோய் சினிமாவுக்கும் பொருத்தினார். அங்கேதான் வந்தது வினை.

சினிமாப் பைத்தியம் அவருக்கு எப்போது பிடித்தது என்று மனைவி நாச்சம்மாளுக்கே சரியாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் போடும் படங்களைப் பார்க்கப் போனார். அங்கே சேகரன் பழக்கமானான். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரன், கேமரா படித்துவிட்டு வேலை அமையாமல் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். காய்ந்த புல்லும் நெருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சும்மா இருக்குமா? இருவரும் படம் எடுக்க இறங்கினார்கள்; மைசூர் விஜயநகரில் வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனை அதற்காக விலை போயிற்று. தொண்ணூற்று நாலாம் வருஷம் கோடையில், ஹனூர்ப் பக்கம் ஒரு கல்லுக்குழியில் படப்பிடிப்பு தொடங்கியது.

கல் உடைக்கும் ஒரு பெண்ணின் கதை. புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அவள் கல் உடைத்துக் குழந்தையை வளர்க்கிறாள். அவ்வளவுதான் கதை. நடிக்க வந்த நாடகக்காரப் பெண் அந்த வெயிலைப் பார்த்ததும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள். எல்லோருக்கும் சமைத்துப் போட வந்திருந்தவள் லிங்கப்பனின் தங்கை மாதேவி. குண்டலுபேட்டையில் பூ வியாபாரம் செய்யும் பழனிக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் கெஞ்சினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றாள்.

நின்றாள் என்றால், சேகரன் அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சமைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் நடித்தாள் என்பது பழனிக்குப் பிறர் வாயால்தான் தெரிந்தது. படத்தில் ஒரு காட்சி. குழியிலிருந்து மேலேற முடியாமல் திணறுகிறவளை மேஸ்திரி கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான். வேடிக்கை பார்த்தவர்கள் வாயிலிருந்து கிளம்பிய அந்தச் சேதி கொள்ளேகால் தாண்டும்போது கை தோளாகிவிட்டது. குண்டலுபேட்டைக்கு வந்து சேரும்போது என்னவெல்லாமோ ஆகிவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

பழனி கெட்டவன் இல்லை. அவன் அம்மா கமலம்மாளும் கொடுமைக்காரி இல்லை. பூச்சந்தையில் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், அதை அவனால் தாங்க முடியவில்லை. மாதேவியைக் கூட்டிக்கொண்டு வந்து மைசூரில் அண்ணன் வீட்டில் விட்டபோது கமலம்மாள் நியாயமாகத்தான் பேசினாள்.

“லிங்கப்பா, நான் ஒண்ணும் உறவைத் தீர்த்துட்டுப் போக வரலை. நீ எடுத்த படத்த எங்கூர்ல ஒருக்கா காட்டிப்போடு. நானும் பாக்கறேன், ஊரும் பாக்கட்டும். ஒண்ணுமில்லீன்னா, நானே வந்து என்ற மருமகளைக் கூட்டிட்டுப் போறேன்.”

“கண்டிப்பா காட்டறேனுங்க அத்தை. முதல்ல தியேட்டர்ல வரட்டும்” என்றார் லிங்கப்பன்.

அப்போது அவர் அதை மனதாரத்தான் சொன்னார். படம் முடிந்து பெட்டி கைக்கு வந்தபோது, வாங்குகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நம்பினார். நல்ல சரக்கு, கல்லாவைத் தேடி ஆள் வரும். தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற படம்; ஆகவே இரண்டு மாநிலத்திலும் ஓடும், இரட்டை வியாபாரம். இதுதான் அவர் போட்டு வைத்திருந்த கணக்கு.

சென்னைக்குப் போனார். “இது என்ன தமிழ் சார்? பாதி புரியலையே, நீங்க பெங்களூர்ல பாருங்க” என்றார்கள். பெங்களூருக்குப் போனார். “இது தமிழ்ப் படம் அல்லவா, மெட்ராஸில் கேளுங்கள்” என்றார்கள். இரு வீட்டு விருந்தாளி பட்டினி கிடந்த கதைதான். ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறக்கவே இல்லை. அவருக்கு அதில் ஒரு திருப்தி கூட இருந்தது. மடிப்பு அப்படியே இருக்கிறதே.

இந்தச் சமயத்தில்தான் மல்லப்பன் வந்தார். குண்டலுபேட்டைக்கு வெளியே டெண்ட் கொட்டகை நடத்துகிறவர். கமலம்மாள் அவரிடம் சொல்லியிருக்கிறாள் போல. கடைக்கே தேடி வந்து, காபி குடித்துக்கொண்டே பேசினார்.

“பெட்டியக் குடுங்க, நாலு நாள் ஓட்டறேன். நம்ம பக்கத்துப் பொண்ணு நடிச்சதுன்னு சொன்னா, சுத்துப்பட்டு ஜனம் அத்தனையும் வரும்.”

லிங்கப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பட்டை டெண்ட் கொட்டகைத் தரையில் விரிப்பதா? “டெண்ட்ல ஓடின படத்தை அப்புறம் எந்த விநியோகஸ்தர் தொடுவாருங்க? முதல்ல பெரிய தியேட்டர், அப்புறந்தான் உங்களுக்கு” என்று அனுப்பிவிட்டார். ஃபிலிம் சொசைட்டியில் கேட்டார்கள், அதற்கும் மாட்டேன் என்றார். வீடியோ கேசட்டாவது போட்டுப் பழனி வீட்டுக்கு அனுப்பலாமே என்றான் சேகரன். கேசட் வெளியே போனால் கேபிள்காரன் அன்றைக்கே போட்டுவிடுவான், படம் செத்தது என்றார். கேபிள்காரனைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். ஒரு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய தப்பும் செய்யலாம் போலிருக்கிறது.

மாதேவி அண்ணன் வீட்டில் ஊதுபத்தி உருட்டினாள். வாய் திறந்து கேட்கிற சுபாவம் இல்லை அவளுக்கு. ஒருநாள் மட்டும் கேட்டாள்.

“அண்ணா, டெண்ட்டுன்னா என்னங்கண்ணா? ஒருக்கா காட்டிப்போடுங்க. பாத்துப்போட்டு அவிய என்ன சொல்றாங்களோ சொல்லட்டும்.”

“கொஞ்சம் பொறு அம்மிணி. இத்தன நாள் பொறுத்தாச்சு. தீபாவளிக்குள்ள ஒருத்தர் எடுத்துருவார். உன் பேரு பெரிய போஸ்டர்ல வரும். அப்ப பாரு, அவிய எல்லாம் என்ன பேசறாங்கன்னு.”

நாச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, நீங்க காட்டாம இருக்க இருக்க, அங்க என்ன பேசறாங்க தெரியுங்களா? மறைக்கறான்னா என்னமோ இருக்குதுன்னு பேசறாங்க” என்றாள். அதுதான் நடந்துகொண்டிருந்தது. அவர் பெட்டியைப் பூட்டி வைத்த ஒவ்வொரு நாளும் அங்கே சந்தேகத்துக்கு ஒரு சாட்சி கூடியது. ‘தங்கை வாழ்க்கையே போகுது, அப்பவும் காட்ட மாட்டேங்கறானே’ என்று கமலம்மாளே நினைக்கத் தொடங்கிவிட்டாள். யாருக்குத்தான் தோன்றாது? புடவைக்கடை விதியை அவளுக்கு யார் சொல்வது?

தீபாவளி போயிற்று, உகாதி போயிற்று. மறு தீபாவளியும் போனது.

கடைசியில் பெங்களூர் காந்திநகரில் நஞ்சுண்டசாமி என்ற விநியோகஸ்தர் நேரம் கொடுத்தார். சின்னப் படங்களை எடுத்து ஊர் ஊராக ஓட்டுகிற மனிதர். லிங்கப்பன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நஞ்சுண்டசாமி கதையைக் கேட்டார், தலையாட்டினார். பிறகு கேட்டார்:

“எங்க ஓட்டினீங்க ஸ்வாமி?”

லிங்கப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தது. “எங்கேயும் ஓட்டலை சார். ஒருத்தர் கண்ணுலயும் படலை. புத்தம் புதுசு.”

நஞ்சுண்டசாமி அவரை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை, இரக்கம் போலத்தான் இருந்தது.

“அப்ப நான் எதை நம்பி எடுக்கறது? ஸ்டார் இல்ல, பாட்டு இல்ல. ஒரு டெண்ட்ல நாலு நாள் ஓடிச்சு, ஜனம் வந்தாங்க, பொம்பளைங்க அழுதாங்கன்னு ஒரு சேதி இருந்தா, அதை வெச்சு நாலு தியேட்டர்ல பேசுவேன். யாருமே பாக்காத படத்தை யாரு ஸ்வாமி கேப்பாங்க? உங்க பக்கம் டெண்ட்காரங்க யாரும் கேக்கலையா?”

லிங்கப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். தெருவில் இறங்கி நடந்தவருக்கு வண்டிகள் கண்ணில் படவில்லை. தங்கையின் முகம்தான் பட்டது. வீட்டுக்குக் கூடப் போகாமல், மைசூரில் இறங்கிய கையோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் குண்டலுபேட்டைக்குப் போனார்.

மல்லப்பன் பழையதை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. “வெள்ளிக்கிழமையே போட்டுரலாம்” என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “பழனி வூட்டுக்குப் போகப் போறீங்களா? சேதி தெரியாதா உங்களுக்கு? ஊர்ப் பெரியவங்க உங்களக் கூப்பிடாமயே உக்காந்து பேசித் தீர்த்துட்டாங்க. போன மாசம் கோயில்ல வெச்சு வேற பொண்ணைக் கட்டிட்டான்” என்றார்.

லிங்கப்பன் கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

மைசூருக்கு வந்து இதை எப்படிச் சொன்னார் என்பதை அவர் யாரிடமும் பேசியதில்லை. மாதேவி கேட்டுக்கொண்டாள். ஊதுபத்திப் பலகையை ஓரமாக எடுத்து வைத்தாள். “படம் போடறதப் போடுங்க. நானும் வர்றேன், என்னைய நான் பாத்ததில்லையே” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு இடம் போதாமல் ஜனம் வெளியே நின்றது. மாதேவி நாச்சம்மாளோடு பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தாள். லிங்கப்பன் பின்னால் நின்றுகொண்டார். திரையில் அவர் தங்கை கல் உடைத்தாள், பிள்ளையைத் தூங்க வைத்தாள், மறுபடி கல் உடைத்தாள். மேஸ்திரி கை கொடுத்தான், ஏறி வந்தாள், கையை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் காட்சி கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. கொட்டகையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

விளக்கு வந்ததும் பழனி புது மனைவியோடு எழுந்து, தலை குனிந்தபடி வெளியே போனான். கமலம்மாள் போகவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு லிங்கப்பனிடம் வந்தாள்.

“இவ்வளவுதானா, லிங்கப்பா? இதுல என்னப்பா இருந்துச்சு மறைக்கறதுக்கு?”

விநியோகம், தியேட்டர், மடிப்பு என்று எதைச் சொன்னாலும் அந்த இடத்தில் அசிங்கமாக இருந்திருக்கும். கமலம்மாள் மணலில் உட்கார்ந்திருந்த மாதேவியின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மல்லப்பன் வீட்டிலேயே தங்கினார்கள். காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது மல்லப்பன் சைக்கிளில் வேகமாக வந்தார்.

“நாலு நாள் போதாது, பத்து நாள் வேணுங்கறாங்க. ராத்திரியே யாரோ போன்ல பெங்களூருக்குச் சேதி சொல்லிட்டாங்க, அந்த நஞ்சுண்டசாமி போன் பண்ணினார். அவரே எடுத்துக்கறாராம். என்ன சொல்ல?”

இத்தனை வருஷமாக அவர் கேட்கத் தவமிருந்த வார்த்தை அது. லிங்கப்பன் மல்லப்பனைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

மாதேவி அண்ணனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்ததா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“குடுத்துருங்கண்ணா” என்றாள். “இனி எத்தன ஆட்டம் போட்டா என்ன?”

பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு அவள்தான் முதலில் ஏறினாள்.