பருந்து சிலிர்த்துக்கொள்ளும் வரை

பருந்தை வைத்துப் புறா விரட்டும் தொழிலில் முக்கால்வாசி நேரம் பருந்துக்குக் காத்திருப்பதுதான் வேலை. தனக்குத் தோன்றும்போது மட்டும் அசைகிற பிள்ளையோ, கணவரோ, மேனேஜரோ வாய்த்த எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும் என்பதால் விளக்கத் தேவையில்லை.

காடை உரித்த இன்டர்வியூ

சான் ஹோசேக்கு வந்து நாலு வருஷம் கழித்து எனக்கு வொர்க் பெர்மிட் வந்தது. பி.எஸ்சி. விலங்கியலுக்கு இந்த ஊரில் யார் வேலை தருவார்கள்? வேன் ஓட்டத் தெரிய வேண்டும், பச்சை இறைச்சியைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். இரண்டும் எனக்கு வரும். போனேன். முதலாளி டானா என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். அவள் பேசுவது இங்கிலீஷ், என் காதில் விழுவது தமிழ்; அப்படியே எழுதுகிறேன். படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல், பருந்துக்குத் தீனி, உரி என்று என் முன்னால் ஒரு செத்த காடையை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோழியைச் சுத்தம் செய்தே வளர்ந்தவள் நான். இரண்டே நிமிஷம்.

சம்பளத்தைவிட நான் ஆசைப்பட்டது வேறொன்று. பருந்தைக் கையில் ஏந்தலாம், வேனில் கொண்டுபோகலாம், ஆனால் உரிமம் இல்லாமல் நான் பறக்கவிடக் கூடாது. உரிமப் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிவிட்டேன். பாக்கி இருந்தது, இவளைப் பயிற்சிக்கு எடுக்கிறேன் என்று உரிமம் உள்ள ஒருவர் போடும் கையெழுத்து. அதை டானாவிடம்தான் வாங்க வேண்டும். கேட்டால் பார்க்கலாம் என்பாள். இன்டர்வியூ அன்றைக்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் அந்தக் காடையைப் பார்த்துட்டு நேரா கார்ல ஏறிட்டாங்க."

ஷாப்பிங் மாலில் ஒரு சொல்

எங்கள் பருந்தின் பெயர் பெப்பர். முதல் வேலை ஒரு மாலின் கூரையில். மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கிறார், புறாக்கள் எங்களைப் பார்க்கின்றன, பெப்பர் எதையும் பார்க்காமல் என் கையுறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் இன்னும் விடவில்லை என்று டானாவைக் கேட்டேன். "ரௌஸ்" பண்ணட்டும் என்றாள்.

உடம்பு இறகெல்லாம் உப்பி, நனைந்த நாய் மாதிரி ஒரு தரம் உதறி, மறுபடி படிய வைத்துக்கொள்வதற்கு அந்தப் பெயராம். நம் பாஷையில் சிலிர்த்துக்கொள்வது. மனசும் உடம்பும் நிம்மதியாக இருந்தால்தான் பருந்து அதைச் செய்யும். அதற்கு முன்னால் விட்டால் எங்காவது மரத்தில் போய் உட்கார்ந்துவிடும். திரும்பி வந்தால் நம் அதிர்ஷ்டம். பருந்துக்காரர்களும் வேட்டைக்காரர்களும் வைத்திருந்த பழைய சொல் அது என்றாள். பிறகு புதரில் பதுங்கிய மானைக் கிளப்புவதற்கும் அதையே சொன்னார்களாம். தூங்குகிற மனுஷரை எழுப்புவதெல்லாம் கடைசியில் வந்த அர்த்தம். அந்தக் கடைசி அர்த்தத்தில் கிண்டர்கார்ட்டன் போகும் என் மகளிடம் தினமும் காலையில் தோற்கிறேன். அன்றைக்கு பெப்பர் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். மேனேஜர் சொன்னார்: "எங்க யூனியன் ஆளுங்ககூட வேலை ஆரம்பிக்க இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டாங்க."

படகுத்துறைச் சண்டை

வளைகுடா ஓரத்தில் ஒரு படகுத்துறைக்குக் கடற்காகம் விரட்டப் போனோம். துறைக்காரர் வால்ட், வாழ்நாளெல்லாம் பாய்மரப் படகு ஓட்டியவர். டானா அந்தச் சொல்லைச் சொன்னதுதான் தாமதம், அது எங்கள் சொல் என்று பிடித்துக்கொண்டார். கனமான கயிற்றை எல்லோருமாகச் சேர்ந்து மூச்சைப் பிடித்து இழுப்பதற்குக் கப்பலில் அந்தப் பெயராம். சொன்னதோடு விடாமல், ஈரக் கயிறு ஒன்றை என் வலது கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். இடது கையில் பெப்பர். கயிறும் நகரவில்லை, பெப்பரும் நகரவில்லை.

எங்கள் புத்தகங்கள்தான் பழசு என்று டானா. புத்தகம் எழுதியவன் எதில் ஏறிக் கடல் தாண்டினான் என்று வால்ட். எனக்குப் பட்டதை நான் வெளியில் சொல்லவில்லை: அவர் அர்த்தத்தில் இழுக்காமல் நிற்கக் கூடாது, இவள் அர்த்தத்தில் இழுக்கவே கூடாது, காத்திருக்க வேண்டும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டமும் இத்தனை காலம் எப்படியோ பிழைத்திருக்கிறார்கள். இவர்கள் மும்முரத்தில் இருந்தபோது பெப்பர் சிலிர்த்தாள். பார்த்தது நான் மட்டும்தான். சொன்னேன். டானா திரும்பிக்கூடப் பார்க்காமல், என் வார்த்தையை வைத்தே அவளை வாங்கிப் பறக்கவிட்டாள். கடற்காகங்கள் கூச்சலோடு கிளம்பின. வால்ட் தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் அகராதி பறந்து போகுது பாரு, டானா."

கோயில் வளாகத்தில்

அடுத்து ஒரு பிள்ளையார் கோயில். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் புதுக் கோபுரத்திலிருந்து புறாக்களைக் கிளப்ப வேண்டும். என் கையில் பெப்பரைக் கண்டதும் வந்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவர்கள் ஏன் தங்களையே அடித்துக்கொள்கிறார்கள் என்று டானா கவலைப்பட்டாள். கும்பிடுகிறார்கள் என்றேன். நீயும் அடித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டாள். நான் ஏற்கெனவே போட்டுக்கொண்டாகிவிட்டது.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. ஒவ்வொரு தடவை கைக்குத் திரும்பும்போதும் பெப்பருக்கு ஒரு துண்டு காடை கொடுக்க வேண்டும். கோயிலுக்குள் அது எப்படி? மடப்பள்ளியில் உதவி செய்யும் ஆன்ட்டி ஒருவர் வந்து சமாதானமாகச் சொன்னார்: "விரட்டுறது உள்ள விரட்டட்டும்மா, சாப்பாட்டை மட்டும் பார்க்கிங் லாட்ல வச்சுக்கோ."

கும்பாபிஷேகம்

அன்று காலை டானா வேனுக்குள் தலையை விட்டு பெப்பர் எங்கே போனாலும் காட்டிக்கொடுக்கும் ரேடியோ கருவியை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தாள். நான் பெப்பரோடு வெளியே நின்றேன். கமிட்டி அங்கிள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தார். கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் கருடன் வட்டமிட வேண்டும். நம்மிடம்தான் ஒன்று இருக்கிறதே, கரெக்டாக அந்த நிமிஷம் விட்டுவிடு என்றார். தவிலும் நாதஸ்வரமும் உச்சத்தில். பெப்பர் இறகையெல்லாம் இறுக்கி விறகுக்குச்சி மாதிரி நின்றாள். இன்னும் தயாராகவில்லை அங்கிள் என்றேன். உன்னை என் பொண்ணா நினைச்சுக் கேட்கிறேன் என்றார். அப்புறம், அடுத்த வருஷமும் புறா விரட்ட உங்களையே கூப்பிடலாமா என்று கமிட்டியில் பேச்சு இருக்கிறது என்றார்.

டானாவுக்குத் தமிழ் தெரியாது. சிலிர்த்துவிட்டாள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், படகுத்துறையில் செய்த மாதிரி வாங்கி விட்டுவிடுவாள். பெப்பர் போனால் போனதுதான். இல்லை அங்கிள் என்றேன். வேனுக்குள்ளிருந்து டானா, ரெடியா என்று கேட்டாள். அவளிடமும் இல்லை என்றேன்.

குடம் சாய்ந்தது. அதே நேரம் மேற்கேயிருந்து ஒரு பெரிய பறவை வந்து கோபுரத்தைச் சுற்றியது. கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கி "கருடன், கருடன்" என்றது. அது இந்த ஊர் மொட்டைத்தலைக் கழுகு. ரோட்டில் அடிபட்டதைத் தின்னும் ஜாதி. டானா என்னைப் பார்த்தாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பாத்தியாம்மா, நீ விடலைன்னாலும் வரவேண்டியவர் வந்துட்டார்."

வேனில்

ஃப்ரீவேயில் ஏறிய பிறகு, அவர் அவ்வளவு நேரம் என்ன கேட்டார் என்றாள் டானா. எல்லாவற்றையும் சொன்னேன், அடுத்த வருஷப் பேச்சு உட்பட. அப்புறம் அந்த உரிம விண்ணப்பம் வண்டியில் இருக்கிறதா என்று கேட்டாள். ஏழு மாதமாக என் பையிலேயே இருக்கிறது என்றேன். பேனாவுக்குக் கை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "பெப்பர் சிலிர்த்துட்டான்னு நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

உரிமம் இப்போது என் பெயரில் இருக்கிறது. அந்தச் செய்தி பெப்பருக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.