சித்தி அரைத்த காவி

கரமனையில் எங்கள் தெருவில், நல்ல காரியம் நடக்கும் நாளில் கோலத்துக்குக் காவிக் கரை இழுக்காவிட்டால் அபசகுனம். சித்தியைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வரவிருந்த காலையில் அம்மா டப்பாவைத் திறந்தால் காவிக்கட்டி தீர்ந்து போயிருந்தது. கடை திறக்கவும் நேரமிருந்தது. அம்மாவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. எழுபதுகளில் எங்கள் வீட்டில் தங்கி, காலேஜில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தாள். கல்லைப் படிக்க ஒரு காலேஜா என்று தெருவே சிரித்தது. கட்டிலுக்கடியில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கற்கள் வைத்திருந்தாள். கண்ணாடிபோல் மின்னும் கறுப்பு, திராட்சைக் கொத்தாகப் புடைத்த பழுப்பு, செதில் செதிலாக உதிரும் சாம்பல், தொட்டாலே விரலில் ஒட்டும் சிவப்பு. எல்லாம் ஒரே இரும்புத் தாதுதான் என்பாள். நான் நம்ப மாட்டேன். பீங்கான் ஓட்டின் சொரசொரப்பான பின்புறத்தில் தேய்த்துக் காட்டுவாள். கறுப்புக் கல்லும் சிவப்பாகவே கோடு போடும். நான் ஒவ்வொரு தடவையும் வாயைப் பிளப்பேன்.

இந்த இடம் குதிர்ந்தால் படிப்பு போதும் என்று தாத்தா முந்தின நாளே சொல்லிவிட்டார். சித்திக்கு இனி தினமும் லீவு என்று எனக்கு ஒரே குஷி.

அன்று சித்தியே டின்னை எடுத்துவந்து அம்மி முன்னால் உட்கார்ந்தாள்.

“பரீட்சைக்கு வேண்டாமா சித்தி?”

“இனி என்னத்துக்குடி?”

கோலத்துக்குச் சிவப்புக் கல் ஒன்றே தாராளம். அது பொடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. கறுப்புக் கல்லைக் குழவியால் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

“போரும்டி, ஒரு கோலந்தானே!” என்று அம்மா கத்தினாள். டின் காலியான பிறகுதான் சித்தி எழுந்தாள்.

பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து கோலத்தைப் பார்த்தாள்.

“காவி என்னமா எடுப்பா இருக்கு! எங்கே வாங்கினேள்?”

“வாங்கல்லே மாமி, எங்க சித்தியே அரைச்சா!” என்று நான் முந்திக்கொண்டேன்.

“அப்படியா! காலேஜ் படிச்ச பொண்ணு, ஆத்து வேலைக்கு வளையுமோன்னு எனக்கு அரைமனசாத்தான் இருந்தது. இனி யோஜனையே இல்லை” என்று அவள் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னால் நின்ற சித்தி என்னையே பார்த்தாள். அவளுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்துவிட்ட பெருமையில் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.