ஏழு அடிக் கம்பம்

இது எனக்கே நடந்தது. ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை. படித்துவிட்டு, "ஆள் குடித்திருப்பான்" என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அப்போது ஊர் முழுக்க மதுவிலக்கு. அதற்கு முன்னும் நான் தொட்டவனில்லை. பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் வேறு. அந்தச் சிரிப்பெல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்று.

1952, தை மாதம். நிலம் அளக்கிற ஓர் அலுவலகத்தில் நான் தற்காலிக எழுத்தன். ஆறும் கடலும் கலக்கிற எண்ணூர்க் கழியின் ஓரம், நெட்டுக்குப்பத்தை ஒட்டி, நாற்பது ஏக்கர் புறம்போக்குத் திட்டு ஒன்று கிடந்தது. பாதி நேரம் சேறு, பாதி நேரம் தண்ணீர். கண்டல் செடியும் நண்டு வளையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அதை மண் கொட்டி மேடாக்கிக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி கேட்டிருந்தது.

கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு விதி ஒன்று இருந்தது. திட்டின் நடுவே ஒரு முளை அடித்திருந்தார்கள். அதன் தலை, கழித் தண்ணீர் நாலரை அடி நிற்கிற மட்டத்தில். அமாவாசை ஏற்றத்தில் கழித் தண்ணீர் அந்த முளையைத் தாண்டினால், திட்டு தண்ணீருக்குச் சொந்தம். யாருக்கும் கிடையாது. தாண்டாவிட்டால் வெறும் தரிசு. கொடுத்துவிடலாம். அதைப் பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள். பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை பதினைந்து நாள், ஒவ்வொரு ராத்திரியும் ஏழு மணி முதல் விடியும் வரை, மணிக்கு ஒரு தடவை தண்ணீரின் உயரத்தை எழுத வேண்டும்.

கழிக்குள் ஏழு அடிக் கம்பம் ஒன்று நட்டு, அடியும் அங்குலமும் வர்ணத்தில் குறித்திருந்தது. பக்கத்தில் பலகைப் பரண். அதில் அப்பாவு நிற்பான். குப்பத்து ஆள், கட்டுமரம் ஓட்டுகிறவன், என்னைவிடப் பத்து வயது மூத்தவன். முப்பது கஜம் தள்ளிக் கரைமேட்டில் என் கூடாரம். மணி ஆனதும் நான் விசில் ஊதுவேன். அவன் லாந்தரைத் தூக்கிப் பார்த்து அளவைக் கத்துவான்.

முதல் ராத்திரியே நான் விசில் ஊதிவிட்டு மானங்கெட்டுத் தூங்கிவிட்டேன். அவன் கத்தினான், நான் எழுதவில்லை. மறுநாள் அப்பாவு கூடாரத்துக்கே வந்து நின்றான்.

"இன்னா சார் இது? இன்னிலேர்ந்து நான் அளவு சொன்னா, 'எழுதிக்கினியா சார்'னு கேப்பேன். நீ 'எழுதியாச்சு'ன்னு சொல்லணும். சொல்ற வரிக்கும் பரண வுட்டு எறங்க மாட்டேன்."

"அவ்வளவு என்னய்யா அவசரம் இந்தச் சேற்றுக்கு?"

"சேறா? மழக்காலத்துல ஆத்துத் தண்ணி இதும் மேலதான் சார் பரவி நிக்குது. இத்த மூடிட்டா அது எங்க போவும்? எங்க வூட்டுக்குள்ளதான் வரும்."

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. அவன் கேட்பான், நான் சொல்வேன், அவன் "சரி சார்" என்பான். பதின்மூன்று ராத்திரி ஒன்றும் தவறவில்லை.

அமாவாசை அன்று மத்தியானம் ஓவர்சியர் சண்முகவேல் வந்தார். என் ஊர்ப்பக்கத்துக்காரர். கூடாரத்துக்குள் தலையை மட்டும் நீட்டினார்.

"பாத்து எழுதும் வே. நாலரையைத் தாண்டாதுன்னு மேல சொல்லியாச்சு. உம்ம வேலை நிரந்தரமாகிற கடுதாசி என் மேசையிலதான் கிடக்கு."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது.

பொழுது சாய்ந்தது. இருட்டு. நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. காற்று இல்லை, கூடாரத் துணி அசையவில்லை. அப்பாவு கட்டுமரத்தில் நேராகப் பரணுக்குப் போய்விடுவான் என்பதால் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணி. விசில் ஊதினேன்.

"நாலு அடி ஒரு அங்குலம். எழுதிக்கினியா சார்?"

"எழுதியாச்சு. லாந்தர் எங்கய்யா?"

"காத்துல நிக்கல சார்."

காற்றா? என் மேசை மேல் மெழுகுவத்தி ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

எட்டு மணி. "நாலு அடி எட்டு அங்குலம்."

தாண்டிவிட்டது! கடுதாசி போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் எழுதினேன். "எழுதியாச்சு" என்றேன். "சரி சார்" என்றான்.

எட்டரைக்கு மேல் தண்ணீர் வற்ற வேண்டும். பதின்மூன்று ராத்திரி பார்த்த எனக்கு அந்தக் கழியின் நேரம் அத்துப்படி. அமாவாசையில் எட்டரை வரை ஏற்றம், அதற்குப் பிறகு இறக்கம்தான்.

ஒன்பது மணி. "அஞ்சு அடி மூணு."

"என்னது?"

"அஞ்சு அடி மூணு. எழுதிக்கினியா சார்?"

எழுதினேன்.

பத்து மணி. "அஞ்சு அடி பதினொண்ணு." குரல் கரகரத்தது. நனைந்த ஆளின் குரல். அதற்குப் பின்னால் வேறு ஒரு சத்தமும் கேட்டது. ஓலைக் கூரையில் மழை அடிக்கிற சத்தம். நான் வெளியே வந்து கையை நீட்டினேன். ஒரு சொட்டு இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவன் ஏமாற்றுகிறான்! திட்டைக் காப்பாற்றப் பொய் அளவு சொல்கிறான். என்னை மடையன் என்று நினைத்துவிட்டானா? கோபம் தலைக்கேறியது.

பதினோரு மணி. "ஆறு அடி ஏழு."

"அப்பாவு! யாரிடம் காது குத்துகிறாய்? நீ சொல்கிற அளவுக்கு நான் உட்கார்ந்திருக்கிற பெட்டி முழுகியிருக்கணும். பொய்தானே?"

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு... "எழுதிக்கினியா சார்?"

எரிச்சலில் "எழுதியாச்சுய்யா!" என்று கத்தினேன்.

"சரி சார்."

பதினொன்று ஐம்பது. கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் லாந்தரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நேரில் போய் நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்றிருந்தேன். திட்டில் தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது. செருப்பின் கீழ் சிப்பி நொறுங்கியது. தண்ணீர் ஓரத்தில் நின்று லாந்தரைத் தூக்கினேன்.

கம்பம் தெரிந்தது. தண்ணீர் மூன்று அடிக்கும் கீழே இருந்தது.

கட்டுமரம் இல்லை.

பரணில் ஆள் இல்லை.

"அப்பாவு?"

ஒரு மீன் துள்ளியது. அவ்வளவுதான். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு அரை நிமிஷம்.

நான் விசில் ஊதவில்லை. விசில் கூடாரத்தில் இருந்தது.

"ஏழு அடி."

காலிப் பரணிலிருந்து. பத்துக் கஜத்தில். என் முகத்துக்கு நேரே.

"ஏழு அடி சார். கம்பம் முடிஞ்சிடுச்சு... எழுதிக்கினியா சார்?"

ஒரு அடி பின்னால் வைத்தேன்.

"எழுதிக்கினியா சார்?"

ஓடினேன். செருப்பு போயிற்று. சிப்பி காலைக் கிழித்தது.

கூடாரத்துக்குள் விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன். அப்போதும் கேட்டது.

"எழுதிக்கினியா சார்?"

ஒரு பெண் குரல்... "ஏறுய்யா... ஏறு..."

ஒரு குழந்தை. "நைனா... நைனா..."

"எழுதிக்கினியா சார்?"

பன்னிரண்டு பத்து.

"எழுதிக்கினியா சார்?"

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அது கூடாரத்துக்கு வந்துவிடும் என்று பயம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பன்னிரண்டு இருபது.

"எழுதிக்கினி..."

பலகை முறிகிற சத்தம்.

பிறகு ஒன்றுமே இல்லை.

விடிந்தது. ஆறு மணிக்கு யாரோ ஓடிவருகிற காலடி. கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு அப்பாவு நின்றான். நெஞ்சு ஏறி இறங்கிற்று, முகமெல்லாம் சிரிப்பு. பரண் முழுசாக அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

"தப்பா நெனச்சிக்காத சார். நேத்து சாய்ந்தரமே எம் பொஞ்சாதி கெங்கம்மாவுக்கு நோவு கண்டுடுச்சு. வூட்ட வுட்டு அசைய முடியல. பன்னண்டு மணிக்குப் பொறந்துச்சு சார். பொண்ணு! ஏழு வருசம் கழிச்சு மொத கொயந்த."

நான் அவன் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. உயிருள்ள கை. ராத்திரி நடந்ததை அவனிடம் நான் சொல்லவில்லை.

அவனே கேட்டான். "ஏத்தம் முளைய தாண்டிச்சா சார்?"

முளையைப் பார்க்க நான் ஏற்கெனவே போய் வந்திருந்தேன். முளையின் தலைக்கு மேல், பக்கத்துக் கண்டல் தண்டில், இரண்டு விரல் உயரத்துக்கு ஈரச் சேறு படிந்திருந்தது. தாண்டித்தான் இருந்தது. அதை என் வேட்டித் தலைப்பால் துடைத்துவிட்டு வந்திருந்தேன்.

"தாண்டலை" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. ஆனால் என்னைச் சந்தேகப்படவில்லை. ராத்திரி எழுதிய தாளைக் கிழித்து மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அதில் பன்னிரண்டு மணிக் கட்டத்திலிருந்து எல்லாம் காலி. புதுத் தாளில் நானே யோசித்து யோசித்து அளவு எழுதினேன். ஏழு மணிக்கு மூணு அடி பதினொண்ணு, எட்டு மணிக்கு நாலு அடி ரெண்டு, பிறகு இறக்கம். வேலைக்கு வராமல் விட்ட பயத்தில் அப்பாவு கீழே பெருவிரல் ரேகை வைத்தான். பக்கத்து விரலில் ஓட்டுப் போட்ட மை இன்னும் போகவில்லை.

பங்குனியில் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. சித்திரையில் திட்டுக்கு லாரி வர ஆரம்பித்தது. கண்டல் செடியை வெட்டிப் போட்டு, அதன் மேலேயே ஆள் உயரத்துக்குச் செம்மண் கொட்டினார்கள். கம்பத்தை மட்டும் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. கழிக்குள் அப்படியே நின்றது. பரணும் நின்றது.

அடுத்த வருஷம் கார்த்திகையில் புயல் அடித்தது. இரண்டு நாள் மழை. ஆற்று வெள்ளம் பரவ இடமில்லாமல் குப்பத்துக்குள் புகுந்தது. விழுந்த வீடுகளைப் பட்டியல் எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். என்னை அனுப்பினார்கள். வேறு ஆளா கிடைக்கவில்லை அவர்களுக்கு?

பத்தொன்பது வீடு. செத்தது ஒரே ஆள் என்றார்கள். பெயர் கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கெங்கம்மா இடிந்த சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, இரண்டு வயது நிரம்பவில்லை. அவள் என்னை முன்பு பார்த்ததில்லை. நான் பெயர் சொல்லவில்லை.

"ஏழு மணிக்கே தண்ணி ஏற ஆரம்பிச்சிச்சு சார். எங்க வூட்டுக்காரரு, அது பரண்ல ஏறி நின்னுகினு மணிக்கு மணி அளவு கத்துச்சு, குப்பத்துக்குக் கேக்கணும்னு. அத்த கேட்டுத்தான் அல்லாரும் கொயந்த குட்டியத் தூக்கிகினு மேட்டுக்கு ஓடுனாங்க. ஒரு உசுரு போவல. அதும் உசுரத் தவிர."

"என்ன அளவு சொன்னான்?"

"மொதல்ல நாலு அடி ஒண்ணு. அப்பால நாலு எட்டு. அஞ்சு மூணு. அஞ்சு பதினொண்ணு..."

என் பெட்டியில் மடித்து வைத்திருந்த தாளை அவள் படிப்பதுபோல் இருந்தது. ஒரு அங்குலம் மாறவில்லை.

"ஆனா ஒண்ணு சார். ஒவ்வொரு தபா கத்தினதும், 'எழுதிக்கினியா சார்'னு கேக்கும். கொஞ்சம் நிக்கும். அப்பால 'சரி சார்'ங்கும். யாரோ பதில் சொன்ன மாதிரி. அங்க யாரும் இல்ல சார். சுத்தித் தண்ணிதான்."

நான் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"கடைசியில்?"

"ஏழு அடி, கம்பம் முடிஞ்சிடுச்சுன்னு கத்துச்சு. எங்க அண்ணன் பொன்னுரங்கம் தோணிய பரண் கிட்ட இஸ்துகினு போச்சு. கொயந்த 'நைனா'ன்னு அழுவுது. ஏறுய்யா, ஏறுய்யான்னு நான் கத்தறேன். கால எடுத்து வெச்சா தோணி சார். ஏறல."

"ஏன்?"

"'இரு கெங்கா, சார் இன்னும் எழுதியாச்சுன்னு சொல்லல'ன்னுச்சு. அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுகினு நின்னுச்சு. அப்பால பரண் முறிஞ்சிடுச்சு."

குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கெங்கம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருசம் அளவு எடுக்க ஒரு சாரு கூடாரம் போட்டிருந்தாரு. அவுரா சார் அது? அவுர உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

பட்டியலில் அவள் பெயரை எழுதக் குனிந்தேன். பேனா நகர நேரம் பிடித்தது. அவள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எழுதிக்கினியா சார்?"

"எழுதியாச்சு" என்றேன். இருபத்திரண்டு மாதம் கழித்து.