கண்ணாடியில் ஒட்டிய நீலத்தாள்

1951 மார்ச் 14, புதன். மலாயாவில், லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான நான், காலை ஐந்தரைக்கு வழக்கம்போல், வேலைக்கு முன் ஆட்கள் கூடும் பெரட்டில் ஆட்களின் பெயர் கூப்பிட்டேன்.

அம்மை கண்ட என் மகளுக்கு வெளிச்சம் பட்டாலே கண் கூசியது. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, காரின் பின்கண்ணாடிகளில் நீலத்தாளை ஒட்டினேன். காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் வண்டிக் கண்ணாடியை மறைக்கக் கூடாது என்ற உத்தரவு ஆபீஸ் பலகையில் இருந்தது. அதை அங்கே ஒட்டியவனும் நான்தான்.

பத்து மணிக்குச் சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். தமிழ்க் காவலர் ஒருவர் துப்பாக்கியை நீட்டி, "பின்னால யாரு? அசையாதே!" என்று கத்தினார்.

"என் சம்சாரமும் பிள்ளையுந்தாங்க" என்று நான் சொல்வதற்குள், மனைவி பதறிக் கதவைத் திறக்கக் கை நீட்டினாள். வெடி கேட்டது. கண்ணாடி நொறுங்கி மகள்மேல் கொட்டியது. குண்டு மனைவியின் கொண்டையை உரசிப் போயிருந்தது; இருவருக்கும் காயமில்லை.

உள்ளே பார்த்த காவலர் வெளிறிப்போனார். "தாளுக்குப் பின்னால கை அசைஞ்சது மட்டுந்தான்யா தெரிஞ்சது. என்னைக் கொலைகாரனாக்கப் பாத்தியே!" என்றார்.

இப்போதெல்லாம் தடுப்பு கண்ணில் பட்டதுமே எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுகிறேன். அன்று மகளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த மறுநாள் காலை, பெரட்டுக்குக்கூடப் போகாமல், முதல் வேலையாக வெந்நீர் ஊற்றி மீதித் தாளைச் சுரண்டினேன். மனைவி மகளின் கண்ணை முந்தானையால் மூடியபடி பக்கத்தில் நின்றிருந்தாள்.