மருமகள் போனுக்கு வந்த ஆறு எண்கள்

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண்களில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கியில் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கியபோது, வட்டியில் ஏழாயிரம் குறைவதை நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

“வருமான வரி பிடிச்சிருக்கும்மா. பிடிக்க வேண்டாம்னு நீங்க ஃபாரம் குடுக்கலையே” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

இராஜபாளையத்தில் இன்னொரு வங்கியில் அதைக் கொடுத்திருந்தேன். ஓரிடத்தில் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் சேரும் என்று நினைப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது பத்து லட்சம். ஆலங்குளம் பக்கம் அப்பா எனக்கு விட்டுப்போன மானாவாரி நிலத்தை விற்ற பணம். மடவார் வளாகம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் போட்டேன். மகனுக்குத் தெரியாது. அவன் நல்லவன்தான். ஆனால் இரண்டு கடை வைத்து இரண்டையும் மூடியவன். அவன் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. கடைசிவரை யாரிடமும் கை நீட்டக்கூடாது என்பதற்காக வைத்திருந்த பணம் அது.

இராஜபாளையத்தில் வரிக்கணக்குப் பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனேன். என் கணவர் போலீசில் இருந்தவர். அவருக்குப் பிறகு எனக்கு வரும் பென்ஷன் தாளையும் இரண்டு பாஸ்புக்கையும் மேஜையில் வைத்தேன். இன்னும் எவ்வளவு கட்டச் சொல்வார்களோ என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

“வருசத்துக்குப் பென்சன் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். அதுல பதினஞ்சாயிரம் கழியும் ஆச்சி. வட்டி ரெண்டு பேங்கும் சேத்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வயசானவகளுக்கு வட்டியில அம்பதாயிரம் கழிக்கலாம். மொத்தம் ரெண்டு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம். மூணு லட்சம் வரைக்கும் உங்களுக்கு வரி கெடையாது. பிடிச்ச ஏழாயிரமும் திரும்ப வந்துரும்.”

மனத்துக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னாள். அப்புறம்தான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“செத்த நேரத்துல உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும். அதைச் சொல்லுங்க.”

எனக்கு ஏது போன்? பான் கார்டு வாங்கும்போது மருமகள் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். வேறு வழியில்லை, அவளைக் கூப்பிடச் சொன்னேன். பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவள், தலையில் பஞ்சோடு ஸ்கூட்டியில் வந்து நின்றாள். கம்ப்யூட்டரில் என் வட்டிக் கணக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனை எடுத்து ஆறு எண்களையும் வாசித்தாள்.

வெளியே வந்ததும் ஆரம்பித்தாள்.

“எம்புட்டுத் தைரியம் அத்தே உங்களுக்கு. மாசக் கடைசியில எங்கிட்ட பஸ்ஸுக்கு அம்பது ரூவா வாங்கிட்டுப் போவீக.”

“உம் புருசன்கிட்டச் சொல்லப் போறியாட்டி?”

“நான் எதுக்குச் சொல்லுதேன்? பொறவு மூணாவதா ஒரு கடையத் தொறப்பாக. அதையும் நாந்தான் கூட்டிப் பெருக்கணும்.”

சில வாரம் கழித்து, மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் போனை என் முன்னால் நீட்டினாள்.

“என்னது அது?” என்றான்.

“கேஸ் புக் பண்ணினதுக்கு மெசேஜ்” என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணை மட்டும் படித்தேன். ஏழாயிரம் முழுதாக வந்திருந்தது. மகனுக்கு இன்னொரு தோசை எடுத்து வைத்தேன்.